வாய்பேசா உயிர்கட்குத் தொண்டு பூண்டாரும் அவர் பெற்ற சிறப்பும்

தொண்டு செய்வார் கைம்மாறு கருதலாகாது என்பது பெரியோர் யாவர்க்கும் ஒத்த முடிபு. ஆயின், கைம்மாறு வேண்டாமை தொண்டர்க்கு அறமாதல் போலவே, தொண்டரை அறிந்து போற்றுதல் அவரைச் சூழ வாழ்வார்க்கு அறமாம். இவை இரண்டும் வேறு வேறு கடமைகள். இவற்றை ஒன்றாக மயங்கி, ‘அவர்தாம் பயன் கருதாராயிற்றே, நாம் ஏன் பாராட்டல் வேண்டும்?’ என்று வாளா இருப்பாரும் உளர். இஃது உலோபத்திற்குத் துறவின் உடையை உடுத்துவதன்றிப் பிறிதன்று.

மக்களுக்குத் தொண்டு செய்வார் திறத்தில் இக்குறை அத்துணைப் பெரிதாகத் தோன்றாது. பசி தீர்ந்தவன் வாழ்த்துவான். பிணி நீங்கியவன் பிறர்க்கு எடுத்துச் சொல்லுவான். விலங்குகட்குத் தொண்டு செய்வார் நிலை அத்தன்மையதன்று. சுமை குறைக்கப் பெற்ற கழுதை எவரிடத்தும் சென்று சான்று கூறாது. புண் ஆற்றப் பெற்ற நாய் வாலைக் குழைப்பதோடு அமையும். ஆதலின், இத்தொண்டினைக் கண்டு சொல்ல வேண்டுவார் மூன்றாமவரே. அம்மூன்றாமவர் காணத் தவறினால் தொண்டரின் பெயர் அவரோடே மறையும். அங்ஙனம் மறைந்த பெயர்களும், மறையாது நின்ற பெயர்களும் பல. அவற்றுட் சிலவற்றை வரலாற்று முறையால் ஈண்டு ஆராயப் புகுகின்றேம்.

நம் நாட்டு அன்பர்க்கு இப்பொருள் புதிதன்று. சேய்ஞலூரிற் பிறந்த விசாரசருமர் என்னும் சிறுவர், ஆயன் ஒருவன் பசுவைக் கோலால் அடித்தலைக் கண்டு மனம் பொறாது, அம்மேய்த்தற்றொழிலை அவனிடத்தினின்றும் வாங்கித் தாமே மேற்கொண்டார். கூலி பெற்றாரல்லர், எவரும் ஏவினாரல்லர். அவர்க்குக் கிடைத்த சிறப்பு யாதென்பதைக் கங்கைகொண்ட சோழபுரத்துத் திருக்கோயிற் சுவரிற் காணலாம். இறைவர் தம் திருக்கையால் அவர் முடியிற் கொன்றை மாலையைச் சுற்றும் கோலம் அங்கே கல்லில் நிற்கின்றது. சண்டேசர் வரலாற்றில் வேறு நுட்பங்கள் பல உள. அவை ஈண்டைக்கு வேண்டா. பசுக்களின் துயரம் பொறாமையில் அது தொடங்கிற்று என்பது மட்டுமே இங்கு நினைக்கத் தக்கது.

இனி, இத்தொண்டினைத் தனியார் செய்கை என்னும் அளவில் நிறுத்தாது, சங்கம் அமைத்துச் சட்டத்தின் துணைகொண்டு நடத்திய முயற்சி இங்கிலாந்தில் வேரூன்றிய வரலாற்றைக் காண்பாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரம் விலங்குகட்குக் கொடிய இடமாயிருந்தது. ஸ்மித்பீல்டு என்னும் கால்நடைச் சந்தைக்கு மாடுகளும் ஆடுகளும் நெடுந்தொலைவிலிருந்து அடித்து ஓட்டப்பட்டு வந்தன. எருதினைக் கட்டி வைத்து அதன்மேல் நாய்களை ஏவிவிடுதல் வேடிக்கையாகக் கருதப்பட்டது. சேவற்போர் கோமக்களுக்கும் குடிமக்களுக்கும் ஒத்த களியாட்டமாயிருந்தது. இவற்றைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பாராளுமன்றத்தில் வற்புறுத்தியவருள் தலைசிறந்தவர் அயர்லாந்தின் கால்வே நாட்டினரான இரிச்சர்டு மார்ட்டின் என்பார். இவர் 1754 ஆம் ஆண்டிற் பிறந்தவர், வாட்போரில் வல்லவர், எளிதிற் சினம் கொள்பவர். 1821 இல் குதிரைகளோடு கழுதைகளையும் காக்கவேண்டும் என்னும் பேச்சு எழுந்தபோது, ‘அடுத்து நாய்க்குச் சட்டம் கேட்பீர், அதற்கடுத்துப் பூனைக்குக் கேட்பீர்’ என்னும் பொருள்படச் சிலர் எள்ளி நகைக்க, அவையே சிரிப்பில் மூழ்கிற்றாம். மார்ட்டின் தளர்ந்தாரில்லை. 1822 இல் குதிரை, மாடு, ஆடு முதலியவற்றைக் கொடுமை செய்வாரைத் தண்டிக்கும் சட்டம் நிறைவேறிற்று. நாயும் பூனையும் அதில் இடம் பெறவில்லை.

சட்டம் ஏட்டில் எழுதப்பட்டாற் போதுமா? வழக்குத் தொடுப்பார் யார்? அடிபட்ட குதிரை நீதிமன்றம் ஏறாது. மார்ட்டின் தாமே தெருவில் திரிந்து, குற்றம் செய்தாரைப் பிடித்து நீதிபதி முன் நிறுத்தினார். தண்டனை பெற்றவன் வறியனெனக் கண்டால், தண்டப் பணத்தில் ஒரு பகுதியைத் தாமே செலுத்தியதும் உண்டென்பர். அடிபட்ட கழுதையையே சான்றாக நீதிமன்றத்திற்குக் கொணர்ந்தார் என்னும் கதை பாட்டாகவும் படமாகவும் பரவிற்று. எனினும் ஒருவர் எத்தனை தெருக்களிற் காவல் நிற்க முடியும்?

இவ்விடத்தில்தான் ஆர்தர் புரூம் என்னும் பெயர் வருகின்றது. இவர் 1779 இற் பிறந்தவர், ஆக்ஸ்போர்டிற் கற்றவர், இலண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு திருச்சபையின் குருவாயிருந்தவர். விலங்குகளிடத்து இரக்கம் காட்டுதல் சமயக் கடமையே என்று அம்பிரி பிரைமாட் என்பார் 1776 இல் எழுதிய நூலைத் தேடி எடுத்து, 1822 இல் மீண்டும் பதிப்பித்தவர் இவரே. 1824 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16 ஆம் நாள், இலண்டனில் செயின்ட் மார்ட்டின் சந்திலிருந்த ‘பழைய சிலாட்டர்’ காப்பிக்கடையில் அன்பர் சிலரைக் கூட்டினார். பாராளுமன்ற உறுப்பினர் பக்ஸ்டன் என்பார் தலைமை தாங்கினார். அடிமை வாணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்பர்போர்சும், மார்ட்டினும் உடனிருந்தனர். விலங்குகட்குச் செய்யப்படும் கொடுமையைத் தடுக்கும் சங்கம் அன்று பிறந்தது. புரூம் ஊதியமில்லாச் செயலாளராக அமர்ந்தார். மனிதரை விற்பதைத் தடுத்தவரே விலங்கினை வதைப்பதையும் தடுக்கக் கூடினர் என்பது கருதத்தக்கது; இரக்கம் ஓரிடத்து ஊற்றெடுத்தால் வரம்பு கட்டி நிறுத்த இயலாது போலும்.

புரூம் தம் திருச்சபைப் பதவியை விட்டார். அதனால் வரும் வருவாயும் போயிற்று. தம் கைப்பொருளைக் கொண்டே சந்தைகளை மேற்பார்க்கும் ஆட்களை அமர்த்தினார். தொடக்கத்து ஓராண்டிற்குள்ளாகவே 63 பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். நாளடைவில் செலவு வரவினை மிஞ்சிற்று. பாராட்டிப் பேசியவர் பலர். நன்கொடை தந்தவர் சிலர். (இது எந்நாட்டுச் சங்கத்திற்கும் எக்காலத்தும் பொது என்பதைச் சங்கம் நடத்திப் பார்த்தவர் அறிவர்.) கடன் ஏறக்குறைய 300 பவுன் அளவிற்கு வளர்ந்தது. சங்கத்தின் கடனுக்குப் பொறுப்பாளி செயலாளர் என்பது அந்நாளைய நிலை. ஆகவே 1826 ஆம் ஆண்டில் புரூம், கடனாளிகளை அடைக்கும் கிங்ஸ் பெஞ்சு என்னும் சிறையில் அடைக்கப்பட்டார்.

தாம் ஒரு காசும் வாங்கிக்கொள்ளாத ஒரு வேலைக்காக, தம் பதவியையும் பொருளையும் கொடுத்தவர், இறுதியில் தம் உடலையும் ஈடாகக் கொடுக்க நேர்ந்தது. அவரைச் சிறையினின்றும் மீட்கப் பணம் திரட்டியவர் இருவர். ஒருவர் மார்ட்டின், மற்றொருவர் இலூயிசு காம்பெர்ட்ஸ். சிறை மீண்டபின் புரூம் நெடுநாள் அப்பொறுப்பில் நிற்கவில்லை. 1828 இல் விலகினார். 1837 இல் இறந்தார். அவர் தொடங்கிய சங்கத்தின் புகழ் நாடெங்கும் பரவத் தொடங்கிய காலம் அது. ஆயினும் அவர் மறைவு பலராலும் கவனிக்கப்படாமலே கழிந்தது. மார்ட்டினுக்கு நேர்ந்ததும் இதனோடு ஒத்ததே. பாராளுமன்றப் பதவியை இழந்தபின் கடன்காரர்க்கு அஞ்சிப் பிரான்சு நாட்டுப் புலோன் என்னும் துறைமுக நகரிற் சென்று வாழ்ந்து, 1834 ஜனவரி 6 ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார்.

காம்பெர்ட்ஸ் என்பாரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லுதல் வேண்டும். நம் வாசகர்க்கு இவர் வரலாறு மிகவும் இனிக்கும், பின்னர்க் கசக்கவும் செய்யும். இவர் செல்வம் மிக்க யூத வணிகர் குடியிற் பிறந்தவர். புலாலை அறவே ஒழித்தவர். அவ்வளவோடு நில்லாது, பாலும் முட்டையும் கொள்ளாதவர்; தோலாற் செய்த பொருள்களை விலக்கியவர்; குதிரை இழுக்கும் வண்டியில் ஏறவும் மறுத்தவர். இரயில் வண்டி பரவாத அக்காலத்தில் இலண்டன் போன்ற பெருநகரில் வாழ்ந்துகொண்டே குதிரைவண்டியில் ஏறேன் என்பது எத்துணை அரிய நோன்பு! இவர் எந்திரங்கள் பல புனைந்தவருமாவர். கால்களால் தரையை உந்திச் செலுத்தும் இருசக்கர வண்டியைக் கையாலும் செலுத்துமாறு 1821 இல் திருத்தியமைத்தார். சங்கம் தோன்றிய அதே 1824 ஆம் ஆண்டில், மனிதர்க்கும் விலங்குகட்கும் உள்ள அறமுறையைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். புரூமுக்குப் பின் செயலாளராகி, கடனில் மூழ்கிக் கிடந்த சங்கத்தைத் தம் பொருளாலும் உழைப்பாலும் தூக்கி நிறுத்தியவர் இவரே.

அத்தகையாருக்குச் சங்கம் அளித்த பரிசு யாது? 1832 ஆம் ஆண்டில், இச்சங்கத்தின் நடவடிக்கைகள் யாவும் கிறித்துவ சமயக் கொள்கையையே முழுதும் அடிப்படையாக உடையன என்று தீர்மானம் செய்யப்பட்டது. யூதராகிய காம்பெர்ட்ஸ் அங்கே இருத்தற்கு வழியில்லாமற் போயிற்று. அவர் பைதாகரஸ் கொள்கையைப் பரப்புகின்றார் என்னும் குற்றச்சாட்டும் உடன் எழுந்தது. பைதாகரஸ் என்பார் பண்டைக் கிரேக்க நாட்டு ஞானி; புலாலுணவை மறுத்தவர் என்று புகழ்பெற்றவர். அந்நாளில் ஆங்கிலத்தில் மரக்கறி உண்போரைக் குறிக்கத் தனிச்சொல் வழக்கூன்றவில்லை. அவரைப் பைதாகரஸ் வழியினர் என்றே அழைத்தனர். மரக்கறி உணவாளர் சங்கம் அந்நாட்டில் தோன்றியது 1847 இலேதான். ஆகவே குற்றச்சாட்டின் பொருள் இதுவாம்: விலங்குகளைக் காக்கும் சங்கத்தின் செயலாளர், விலங்குகளைத் தின்னாதிருக்கின்றார்!

இதனைப் படிக்கும்போது நகைப்பு வருதல் இயல்பு. ஆயினும் அத்தீர்மானம் செய்தவர் யாவரும் தீயவர் என்று கொள்ளுதல் பொருந்தாது. பொருளுதவி குறைந்திருந்தது. மாற்றுச் சமயத்தார் ஒருவர் தலைநிற்கும் சங்கத்திற்கு மேன்மக்கள் பணம் தரத் தயங்குவர் என்று அவருட் சிலரேனும் அஞ்சியிருத்தல் கூடும். நற்செயலை வளர்க்கும் பொருட்டே நற்செயலாளனை வெளியேற்றினர் போலும். எம் கருத்தில் இஃது அச்சங்க வரலாற்றிற் பெரிய பழி. சமயப் பற்றுடைய நாம் இதனைப் பிறர் குறையாக மட்டும் எண்ணிக் கடந்துவிடலாகாது. தொண்டரின் தொண்டினை நோக்காமல் அவர் எக்கூட்டத்தார் என்று முதலில் வினாவும் வழக்கம் நம் ஊர்ச் சபைகளிலும் இல்லாததன்று. காம்பெர்ட்ஸ் எவரையும் வைது கொண்டிராது, 1833 இல் ‘விலங்குகளின் நண்பர் சங்கம்’ என்று மற்றொன்றை நிறுவினார். அதன் சார்பில் ஓர் இதழும் நடத்தினார். உடல்நலம் குன்றியதால் 1846 இல் அதனை விட்டு ஒதுங்கினார். 1861 இல் மறைந்தார்.

பழைய சங்கமோ விரைவில் உயர்ந்தது. 1835 இல், பின்னர் அரசியாரான விக்டோரியா இளவரசியாரும் அவர்தம் அன்னையாரும் அதன் ஆதரவாளராயினர். அவ்வாண்டிலேயே எருதுகளையும் நாய்களையும் காக்கும் புதிய சட்டமும் வந்தது. விலங்குகளைப் பொரவிடும் வேடிக்கைகள் அதனால் விலக்கப்பட்டன. 1840 இல் ‘அரசுரிமை’ என்னும் அடைமொழி சங்கத்தின் பெயரோடு சேர்ந்தது. இடையில் 1838 இல், சட்டத்திற்கு மாறாக நடந்த சேவற்போரைத் தடுக்கச் சென்ற ஜேம்ஸ் பைப்பர் என்னும் மேற்பார்வையாளர், அங்குள்ளார் தாக்கியதனால் உற்ற காயத்தால் உயிர் துறந்தார். அவர் சங்கத்தின் ஊதியம் பெற்றவர்தாம். ஆனால் எவ்வளவு ஊதியம் ஒருயிருக்கு விலையாகும்?

அரசியார் ஆதரவு வந்தபின் சிறப்புச் செய்யும் முறைகளும் வந்தன. சங்கத்தின் பதக்கம் ஒன்றிற்கு உருவம் வரைந்து விக்டோரியா அரசியாரிடம் காட்டியபோது, அதிற் பல விலங்குகளும் இருக்கப் பூனை மட்டும் இல்லாமை கண்டு, அதனையும் சேர்க்குமாறு அவர் பணித்தார் என்று கூறுவர். 1821 இல் பாராளுமன்றத்தார் எந்தப் பூனையின் பெயரைச் சொல்லிச் சிரித்தனரோ, அந்தப் பூனை அரசியார் பதக்கத்தில் ஏறிற்று. பின்னர் 1909 இல், விலங்குகளைக் காக்கும்பொருட்டுத் தம் உயிரையும் பொருட்படுத்தாதவர்க்கு வெள்ளியாலும் வெண்கலத்தாலும் பதக்கம் வழங்கும் முறை ஏற்பட்டது. 1936 ஜூன் 4 ஆம் நாள், இருப்புப் பாதையிற் சிக்கிக்கொண்ட தன் நாயைக் காக்க முயன்ற மார்கரெட் வீட்லி என்னும் 16 வயதுச் சிறுமி இரயில் வண்டியில் அடிபட்டு இறந்தாள். சங்கத்தின் தலையாய விருது அவள் பெயரையே தாங்கிற்று. சங்கத்தை நிறுவியவர் பெயரால் அன்று, சங்கத்தோடு எத்தொடர்பும் வேண்டாத ஒரு சிறுமியின் பெயரால் உயர்ந்த விருதினை அமைத்தமை பாராட்டத்தக்கதே. ஆனாலும் அதனைப் படிக்குந்தோறும் கடன் சிறையில் இருந்த புரூமின் நினைவு வாராது போகவில்லை.

பெண்மக்கள் இத்தொண்டிற் பெற்ற இடம் தனியே எழுதத்தக்கது. ஈண்டு இருவரை மட்டும் குறிப்போம். மேரி டீல்பி என்னும் அம்மையார் 1860 இல் இலண்டனின் ஆலோவே பகுதியில் ஒரு குதிரைக் கொட்டிலை வாடகைக்குப் பிடித்து, தெருவில் அலைந்து பட்டினியால் வாடிய நாய்களுக்குப் புகலிடம் அமைத்தார். மக்கள் பட்டினி கிடக்க நாய்க்கு இல்லமா என்று பெரிய செய்தித்தாளே ஏளனம் செய்தது. அவரோ செல்வர் அல்லர்; கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர்; நோயாளியும் ஆவர். 1865 இல் அவர் இறந்தார். இல்லம் 1871 இல் பாட்டர்சீ என்னும் இடத்திற்கு மாறி, அப்பெயராலேயே உலகறிந்ததாயிற்று. இல்லத்தின் பெயரை அறிந்தார் எண்ணிறந்தார். அம்மையாரின் பெயரை அறிந்தார் மிகச் சிலர். மற்றொருவர் காதரீன் சிமிதீஸ் என்னும் மூதாட்டியார். சிறுவர் சிறுமியர் உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதாக உறுதி கூறிச் சேரும் ‘இரக்கக் கூட்டம்’ என்பதனை 1875 இல் இவர் தொடங்கினார். அதனைப் பின்னர் 1882 இல் பெரிய சங்கம் ஏற்று நடத்திற்று.

இனி மரியா டிக்கின் அம்மையாரைக் காண்போம். 1917 நவம்பர் 17 ஆம் நாள், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இலண்டனில் வறியவர் நெருங்கி வாழும் ஒயிட்சாப்பல் பகுதியில், நிலவறை ஒன்றில், ஏழைகளின் விலங்குகட்கு இலவசமாக மருந்தளிக்கும் சாலையை இவர் திறந்தார். வண்டி இழுக்கும் கழுதை நொண்டினால் ஏழையின் குடும்பமே பட்டினி கிடக்கும் என்பதைக் கண்ணாற் கண்டு தொடங்கிய தொண்டு இது. விலங்கினிடத்து இரக்கம் ஏழையினிடத்து இரக்கத்திற்குப் பகையன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. டீல்பி அம்மையாரை எள்ளியவர்க்கு விடை இந்நிலவறையிலேயே இருந்தது.

இரண்டாம் உலகப்போர் 1939 இல் மூண்டபோது, குண்டுவீச்சிற்கு அஞ்சி இலண்டன் மக்கள் தம் நாய்களையும் பூனைகளையும் சில நாட்களுக்குள் இலட்சக்கணக்கிற் கொல்வித்தனர். பின்னர்க் குண்டுகள் விழுந்தபோது, இடிபாடுகளுக்கிடையே சிக்கிய விலங்குகளை மீட்க டிக்கின் அம்மையாரின் சாலையைச் சேர்ந்த மீட்புக்குழுவினர் இரவிலும் பகலிலும் உழைத்தனர். பியூட்டி என்னும் நாய் அவர்களோடு சென்று, 63 விலங்குகள் புதையுண்ட இடங்களைத் தோண்டிக் காட்டிற்று. சங்கத்தின் முதலாண்டில் நீதிமன்றம் ஏறிய குற்றவாளிகளும் 63 பேர் என்றோம். எண் ஒத்தது தற்செயலேயாம்.

1943 இல் டிக்கின் அம்மையார், போர்க்காலத்தில் அருந்தொண்டு செய்த விலங்குகளுக்கென வெண்கலப் பதக்கம் ஒன்றினை ஏற்படுத்தினார். அவ்வாண்டு டிசம்பர் 2 ஆம் நாள் முதன்முதலாக அதனைப் பெற்றவை மூன்று புறாக்கள். கடலில் விழுந்த விமானிகளைப் பற்றிய செய்தியைக் கொணர்ந்து அவர்கள் உயிர் பிழைக்கத் துணைசெய்தமையே அவை செய்த தொண்டு. 1949 வரையில் 54 பதக்கங்கள் வழங்கப்பட்டன; பெற்றவை 32 புறாக்கள், 18 நாய்கள், 3 குதிரைகள், ஒரு பூனை. ‘யாமும் தொண்டு செய்கின்றேம்’ என்னும் பொருளுடைய சொற்கள் அப்பதக்கத்தில் பொறிக்கப்பட்டன. புறாவுக்குப் பதக்கம் எதற்கு என்று வினவலாம். அது புறாவுக்காக அன்று. பார்த்து நிற்கும் மனிதர்க்காகவே. எனினும் இங்கொரு முறைமாற்றம் உண்டு. இதுகாறும் தொண்டு ஏற்பனவாகவே கருதப்பட்ட உயிர்கள், தொண்டு செய்வனவாகவும் ஏட்டில் ஏறின. பிற்காலத்து மக்கள் டிக்கின் என்னும் பெயரை நினைவில் வைத்திருப்பதும் பெரும்பாலும் அப்பதக்கத்தாலேயே. அம்மையார் 1951 இல் மறைந்தார்.

நம் நாட்டிற்கு வருவோம். இலண்டனிற் பிறந்து 1832 இல் கல்கத்தா சேர்ந்த கோல்ஸ்வொர்த்தி கிராண்ட் என்பார் ஓவியர். அந்நகரப் பெருமக்களின் உருவங்களை வரைந்து புகழ்பெற்றவர். கல்லூரியில் ஓவியம் கற்பித்தவர். பொதிவண்டி மாடுகள் வெயிலிற் படும் பாட்டைக் கண்டு பொறாராய், 1861 இல் விலங்குகட்குக் கொடுமை தடுக்கும் சங்கத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். 1880 இல் இறக்குமளவும் ஊதியமின்றிச் செயலாளராய் உழைத்தார். வங்காள உரைநடைக்கு வழிகாட்டியவருள் ஒருவராகிய பியாரி சந்த் மித்திரர் அவருக்கு உறுதுணையாயிருந்தார். சட்டசபையில் உறுப்பினராயிருந்தபோது விலங்குவதைத் தடைச் சட்டத்திற்காக முயன்றவரும், கிராண்டின் வாழ்க்கையை நூலாக எழுதியவரும் அவரே. ஆங்கிலேயரின் தொண்டினை வங்காளி ஒருவர் எழுதி வைத்தார். அரசாங்கக் காரியாலயமாயிருந்த எழுத்தர் மாளிகையின் எதிரே கிராண்டுக்கு நினைவுத் தூணும் நாட்டப்பெற்றது. ஆளுநர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் சிலை வைத்த அந்நகரில், மாடுகளுக்காக உழைத்த ஓர் ஓவியருக்கும் தூண் நின்றது.

தமிழ்நாட்டினர் இவ்வரிசையிற் பெருமையோடு கூறத்தக்கவர் உருக்குமிணி தேவி அருண்டேல் அம்மையார். 1904 இல் மதுரையிற் பிறந்தவர். 1936 இல் கலாசேத்திரத்தை நிறுவியவர் என்றே அவரைப் பலரும் அறிவர். மாநிலங்களவைக்கு 1952 இல் நியமிக்கப்பெற்ற அவர், விலங்குவதைத் தடைக்கான மசோதா ஒன்றைத் தாமே கொணர்ந்தார். அரசாங்கமே முழுமையான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூற, அதனைத் திரும்பப் பெற்றார். அச்சட்டம் 1960 இல் நிறைவேறிற்று. அதன்படி 1962 இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்திற்கு முதல் தலைவரானார். 1986 இல் மறையுமளவும் அப்பொறுப்பிலேயே இருந்தார். 1977 இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் கேட்டபோது, அவர் அதனை மறுத்துவிட்டார் என்பது பலரும் அறிந்ததே. வாரியத்தை அவர் விடவில்லை.

விக்டோரியா அரசியார் பெயரால் வழங்கும் இலண்டன் சங்கத்தின் வெள்ளிப் பதக்கம் இவ்வம்மையாருக்கு அளிக்கப்பட்டது. புரூம் எந்தச் சங்கத்தின் கடனுக்காகச் சிறை சென்றாரோ, அதே சங்கம். புலால் உண்ணாமையைக் குற்றமாகக் கூறிக் காம்பெர்ட்ஸை விலக்கிய சங்கம், நூற்றாண்டு கழிந்தபின், மரக்கறி உணவினை வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய தமிழ்நாட்டுப் பெண்மணிக்குச் சிறப்புச் செய்தது. காம்பெர்ட்ஸுக்கு அது காலம் கடந்த விடையென்று கொள்வார் கொள்க.

சென்னையில் 1959 இல் விமானியான சுந்தரம் என்பார் தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கத்தையும் இங்கே குறித்தல் வேண்டும். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் அந்நகரில் நூற்றாண்டுக்கு மேலாக இருந்தது. கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்து விடுவதே முறையென்று அச்சங்கத்தார் 1960 களிலிருந்தே வற்புறுத்தி வந்தனர். 1996 இல் மாநகராட்சி அதற்கு இணங்கிற்று. முப்பதாண்டுகள்! புண்பட்ட நாயைத் தூக்கி வந்து கழுவி மருந்திட்டுக் கூண்டினைத் துப்புரவு செய்தவர்களுட் பலர் மாணவர்கள், இல்லத்தரசிகள், அலுவலகம் முடிந்து வருபவர்கள். அவர்கள் பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

அத்தகையாரை நாடு அறியும் வழியாக, விலங்குகள் நல வாரியம் 1966 இல் ‘பிராணி மித்திரர்’ என்னும் விருதினை ஏற்படுத்திற்று. வாரியத்தின் காரியாலயம் நெடுங்காலம் சென்னைத் திருவான்மியூரில் இருந்தது. அஃது ஆளுடைய பிள்ளையார் பாடிய தலம். காமதேனு பால் சொரிந்து வழிபட்டமையால் அங்குள்ள இறைவர்க்குப் பால்வண்ணநாதர் என்றும் பெயர். 2018 இல் காரியாலயம் அரியானா மாநிலத்துப் பல்லப்கர் என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. விருது அப்பழைய பெயராலேயே வழங்கப்பட்டு வருகின்றது.